இஷ்ராஃபுக்குக் கைதட்ட ஆள் தேடிய கதை

1.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் தலேந்தா. துனிசியாவின் கடற்கரை ஊரான மஹ்தியாவில், எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு நிபந்தனையோடு சொன்னாள்: "எழுதிக்க. ஆனா நான் அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு மட்டும் எழுதாத."

ஆகவே தொடக்கம் இப்படி:

இஷ்ராஃப் கரையை நெருங்கியபோது தலேந்தா சூரை மீன் அடைத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

(வேறொரு தொடக்கமும் வைத்திருந்தேன்: 'கடல் அன்று ஒரு தாயைப் போல…' அதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாகிவிட்டது. கடல் அன்று கடலாகத்தான் இருந்தது. எதிர்நீரோட்டம் வேறு.)

2.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் இளைஞர் மன்றம் ஒரு நீச்சல் நடத்தும். மீன்பிடித் துறையில் குதித்து, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றி, கல்லறைகளுக்குக் கீழே இருக்கும் சின்ன மணற்கரையில் ஏற வேண்டும். வந்து சேரும் பிள்ளைகளைக் கைதட்டி வரவேற்கவும் கழுத்தில் பதக்கம் மாட்டவும் தன்னார்வலர்கள் தேவை என்றார்கள். இளைய தலைமுறையின் மீது கொண்ட பேரன்பால் தலேந்தா…

இல்லை. வாசித்துக் காட்டியபோது அவளே சிரித்துவிட்டாள். அன்று அவள் நாத்தனார் குடும்பத்தோடு விருந்துக்கு வருவதாக இருந்தது. அதனால்தான் பெயர் கொடுத்தாள்.

இஷ்ராஃபுக்குப் பதினேழு வயது. முந்தைய இரண்டு வருடமும் முனையைத் தாண்டும் முன்பே துவண்டுபோய், படகில் தூக்கிப் போட்டுக் கொண்டுவரப்பட்டவள். அவளை ஏழை மீனவரின் மகளாக்கலாமா என்று யோசித்தேன். கண்ணீர் சுலபமாக வரும். ஆனால் அவள் அப்பா பல் டாக்டர். என்ன செய்ய?

3.

மற்ற எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று. மன்றத் தலைவர் ஸாதிக் விடாமுயற்சியைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஒரே ஒரு பதக்கம் மிஞ்சியது. அதை, விழாவுக்கு ஐஸ்கிரீம் கொடுத்த கடைக்காரர் கழுத்தில் மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு இன்னும் வரலையே?" என்றாள் தலேந்தா.

"படகு கூடவே இருக்கும்மா. ஏத்திக்கிட்டு வந்துரும், எப்பவும் போல," என்றார் ஸாதிக்.

தலைவர் வீட்டில் மீன் சுடுகிற வாசனை கரை வரைக்கும் வந்தது. தோரணத்தைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் அந்த வாசனையின் பின்னால் போனார்கள். தலேந்தா மட்டும் தங்கினாள். கடமை உணர்ச்சி என்று எழுதினால் பொய். நாத்தனார் இன்னும் அவள் வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டாள். ரொட்டியைப் பிரித்தாள்.

அப்போது முனையைச் சுற்றி, நீச்சலுக்குத் துணை போன பூபக்கர் கிழவரின் படகு வந்தது. படகில் கிழவர் மட்டும்தான் இருந்தார். பக்கத்தில், தண்ணீரில், ஒரு மஞ்சள் தொப்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷம் தோத்துட்டு இப்ப நீந்தி வருது அந்தப் புள்ள," என்றாள் தலேந்தா என்னிடம். "கரையில ஒரே ஆளு. அந்த ஆளு வாய் நெறைய மீனு. எனக்கே அசிங்கமா இருந்துச்சு."

4.

இங்கே ஒரு கல்யாண வண்டி வருகிறது. எவ்வளவு வசதியாக வருகிறது என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. ஆகஸ்டில் எங்கள் கடற்கரைச் சாலையில் கல்யாண வண்டி வராமல் போயிருந்தால்தான் நான் விளக்கம் சொல்ல வேண்டும்.

மணப்பெண்ணின் சீர் ஏற்றிய லாரி: மெத்தைகள், குளிர்பெட்டி, அவற்றுக்கு இடையில் பெண்கள், மேளக்காரர், குழல்காரர். தலேந்தா படியேறி ஓடி நடுச்சாலையில் நின்றாள். மணப்பெண்ணின் அத்தை மன்னூபியா முன்பக்கத்திலிருந்து தலையை நீட்டினாள்.

"சாகணும்னா வேற வண்டி பாருடி. இது கல்யாண வண்டி."

"அக்கா, கீழ ஒரு பொண்ணு நீந்தி வருது. கைதட்ட ஆளில்ல."

"யாரு வீட்டுப் பொண்ணு?"

"பல் டாக்டர் பொண்ணு."

"அந்தாளா? அவன் கட்டின பல்லு என் கூஸ்கூஸ் சாப்பாட்டுத் தட்டுல விழுந்துச்சு."

தலேந்தா கடல் பக்கம் கையைக் காட்டினாள். மன்னூபியா கடலைப் பார்த்தாள். மஞ்சள் தொப்பி ஒருமுறை மறைந்து, மறுபடி மேலே வந்தது.

"எறங்குங்கடி எல்லாரும்," என்றாள்.

5.

மேளம், குழல், குலவை. கரையே அதிர்ந்தது. இஷ்ராஃப் மார்பளவு தண்ணீரில் எழுந்து நின்றாள். நின்றவள் நகரவில்லை.

"யாரு இவங்கல்லாம்?"

"உனக்காக வந்தவங்கம்மா," என்றாள் தலேந்தா.

"பொய். லாரியில மெத்தைக்கு ரிப்பன் கட்டியிருக்கு."

"சரி, பொய்தான். கைதட்டறது நெசம்."

"கிண்டல் பண்றீங்க. எல்லாரும் போகட்டும், அப்புறம் வர்றேன்." உதடு நீலம் பாரித்து நடுங்கியது.

இத்தனை தூரம் வந்த பெண்ணைக் கடைசிப் பத்தடியில் நிறுத்திவைத்தது தலேந்தா கூட்டி வந்த கூட்டம்தான். பூபக்கர் படகிலிருந்து கத்தினார்: "யாரும் தொடாதீங்க, தொட்டா செல்லாது. நான் தொடல. கைய நீட்டுனேன், கடிக்க வந்துச்சு."

மன்னூபியா சரிகை உடுப்போடு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினாள். சீர் மூட்டையிலிருந்து உருவிய புதுத் துண்டை அகல விரித்துப் பிடித்தாள்.

"நான் ஒன்னும் உன்னத் தொடல. வந்து நீயே எடுத்துக்க. தொவச்சு அனுப்பிரணும், சொல்லிட்டேன்."

இஷ்ராஃப் சிரித்துவிட்டாள். உப்புத் தண்ணீர் புரையேறியது. இருமிக்கொண்டே நடந்து வந்து, மணலில் இரண்டு காலையும் ஊன்றினாள்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். அழுதது மன்னூபியாவாம். கேட்டதற்கு, கண்ணில் உப்பு பட்டுவிட்டது என்றாளாம்.)

6.

இங்கேயே முடிக்கலாம். அல்லது தலைவர் மனம் மாறி ஓடோடி வருவதாக… வேண்டாம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இஷ்ராஃப் பதக்கத்தைக் கேட்டாள். தலேந்தா ஐஸ்கிரீம்காரர் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"பதக்கத்த அவரே வச்சுக்கட்டும். நான் வந்து சேந்தேன்னு தலைவர் தன் வாயால சொல்லணும்."

"ஏறு வண்டியில," என்றாள் மன்னூபியா. "ஈரத்தோட மெத்தையில மட்டும் உக்காராத."

லாரி தலைவர் வீட்டு வாசலில் நின்றது. மேளக்காரர் இடைவிடாமல் அடித்தார். கதவைத் தட்டக் கை ஓங்கிய தலேந்தாவை விலக்கிவிட்டு, இஷ்ராஃப் தானே தட்டினாள். கதவு திறந்தது. ஒரு கையில் மீன் முள்ளோடு ஸாதிக் நின்றார். அவருக்குப் பின்னால், பதக்கம் தொங்கும் கழுத்தோடு ஐஸ்கிரீம்காரர்.

ஸாதிக் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். வாடகை ஒப்பந்தத்தை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே அவர் வாயில் வார்த்தையை வைக்கும் பொறுப்பு உங்களுடையது. ரொம்ப யோசிக்காதீர்கள். பெண் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், மணப்பெண் மெத்தைக்குக் காத்திருக்கிறாள்.