அடிபடாத பழம்

அந்த ஆப்பிளின் விலை சரிபாதி. ஒரு கன்னத்தில் அடிபட்டிருந்தது. கடைக்கு வந்தவர்கள் தொட்டுப் பார்த்து நகர்ந்தார்கள். இன்று கடையையே எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பழம் திரும்பி வராது.

பழக்கடைக்காரர் வீட்டுக்குள் நல்ல பழம் நுழைந்ததே இல்லை. நல்லது கடைக்கு, அடிபட்டது வீட்டுக்கு. காய்ச்சலில் கிடந்த மகள் அன்றைக்குக் கேட்டாள். "அப்பா, ஒரு தடவையாவது அடிபடாத பழம் குடுப்பா."

"வெட்டிட்டா எல்லாம் ஒண்ணுதான்டி ராசாத்தி. நீ நல்லா எந்திரி, பெட்டியோட தர்றேன்."

அவள் எழுந்திருக்கவில்லை.

அன்று அவளுக்கு அந்த அடிபட்ட ஆப்பிளை வெட்டிக் கொடுத்த தட்டில் கிடந்த விதைகளை மனைவி ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். முளை கட்டியதும் மலையூர்க் குளிரை நம்பிக் கொல்லையில் நட்டாள். நத்தை தின்றது போக ஒன்று மிஞ்சி மரமானது. புருஷனிடம் பேசியதைவிட அதனிடம் அவள் பேசியது அதிகம். அவரும் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அந்த மரத்திலிருந்து அடிபடாத பழம் ஒன்று பறித்து மனைவி கையில் வைத்துவிட்டால் சொன்ன சொல் தீர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

இந்த வருஷம் மூன்றே மூன்று காய்த்தது. எல்லாம் எலுமிச்சை அளவு. ஒன்றைக் கடித்தவர் முகம் அஷ்டகோணலாகி, துப்பிவிட்டார். ஆப்பிள் விதை தாயைப் போலக் காய்க்காது என்பது, பழம் விற்றே நரைத்த மனுஷனுக்கு நாற்றுப் பண்ணைக்காரன் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"அடிமரம் நல்லா இருக்குண்ணே. கழுத்தோட அறுத்துட்டு நல்ல ஜாதிக் குச்சியா ஒட்டுக் கட்டுவோம். ரெண்டு மூணு வருஷத்துல கல்கண்டுதான்."

கடைக்காரர் ரம்பத்தை எடுத்தார். மனைவி மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"புளிக்குதுன்னு பிள்ளை கழுத்தை அறுப்பீங்களா?"

"நல்ல பழம் தர்றேன்னு சொல்லியிருந்தேனே, அதுக்குத்தான்..."

"கேட்டவ போயாச்சு."

பண்ணைக்காரன் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவினான். ரம்பம் சுவரில் சாய்ந்தது.

மீதி இரண்டையும் பறித்து மேசையில் வைத்தார். ஒன்று பறவை கொத்தியது. அவர் கை, பழக்கதோஷத்தில், நல்லதை வலப்பக்கமும் கொத்தியதை இடப்பக்கமும் பிரித்துவிட்டது. மனைவி அதைப் பார்த்தாள். கொத்தியதை எடுத்து, முகம் சுளிக்காமல், காம்பு வரைக்கும் தின்றாள். விதைகளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். நல்லதை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க."

காய்த்தது மூன்று. அவர் துப்பியது ஒன்று, அவள் தின்றது ஒன்று, மேசையில் ஒன்று. மரத்தின் கணக்கு நேர். மகளுக்குத் தர வேண்டிய ஒரு பெட்டி அடிபடாத பழம் பாக்கி.