பொங்கல் படியில் வந்த ஆயில்

1

இந்தக் கதை பாளையம்பட்டி ஆயில் கடையில் எனக்கு ஓசியில் கிடைத்தது. என் ஸ்கூட்டருக்காகப் போயிருந்தேன். "நல்ல சிந்தெடிக்கா ஒண்ணு குடுங்க பாய்" என்றேன்.

"நல்லதுன்னு பொதுவா ஒண்ணு கெடையாது சார். என்ன வண்டி, எத்தன வருசம், எந்த வெயில்ல ஓடுது, அதச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர் அப்துல் பாரி.

அப்போது ஒரு பெண் வந்து மேசைமேல் ஓர் ஆயில் டப்பாவை வைத்தார். அதில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. "இத என் ஷேர் ஆட்டோவுக்கு ஊத்தலாமா பாய்?" பாரி திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊத்தாதம்மா" என்றார். நான் கண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: கரிசல் காடு தாகத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு

[நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்துக் கதை என்றால் வெயிலை இழுக்காமல் எங்களுக்குக் கை ஓடாது. இங்கே வெயில் வேண்டும்தான், ஆனால் ஆயிலுக்காக.]

மறுபடியும். அந்தப் பெண்ணுக்கு மாரிக்கனி என்று பேர் வைக்கிறேன். அவள் எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். பழைய டீசல் வண்டி. அவள் ஓட்ட ஆரம்பித்தது அண்ணன் ராஜபாண்டிக்குப் பிடிக்கவில்லை. "ஊரு சிரிக்கும்" என்றான். பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல் படி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு எந்தப் பொங்கலும் அவளுக்கு இனிக்கவில்லை.

லடாக்கில் ராணுவ அதிகாரியின் கார் ஓட்டுகிற அந்த அண்ணன், இந்தப் பொங்கலுக்குக் கரும்புக்கட்டோடு வந்து நின்றான். தாம்பாளத்தில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. நடுவில் ஆயில் டப்பா.

"ஒறையிற குளிருலயும் இது ஊத்துன வண்டி ஒரே தட்டுல கெளம்பும் கனி. ஒன் வண்டிக்குன்னே வாங்குனேன். நாளைக்கு நானே மாத்தித் தாரேன்."

ஒன் வண்டி. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

3

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது. நீங்கள் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை என்பதால் இங்கே.) டப்பாவில் 'சைபர் டபிள்யூ இருபது' என்றிருந்தது. டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிருக்கு. அது குறையக் குறைய, கடுங்குளிரிலும் ஆயில் உறையாமல் ஓடும். பின்னால் வருவது, இன்ஜின் சூடேறிய பிறகும் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மாரிக்கனியின் வண்டிக் கையேடு கேட்பது பதினைந்து டபிள்யூ நாற்பது, அதுவும் டீசலுக்கானது. சிந்தெடிக் உசத்திதான், ஆனாலும் எண் பொருந்த வேண்டும். ஆளை அடைத்துக்கொண்டு நம் வெயிலில் ஓடுகிற வண்டிக்கு அந்த இருபது தாங்காது, இன்ஜின் தேய்ந்துவிடும்.

4

முடிவு ஒன்று: அண்ணனுக்குத் தெரியாமல் அந்த டப்பாவிலேயே சரியான ஆயிலை மாற்றி வைத்துவிடுகிறாள். [எனக்குப் பிடித்திருந்தது. மாரிக்கனிக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்த அண்ணனை ஏமாற்ற அவளுக்கு மனசு வராது.]

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு ஊற்றவிடுகிறாள். சித்திரை வெயிலில், ஆள் நிறைந்த வண்டி நடுரோட்டில்

[வேண்டாம். அவள் வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டியால்.]

5

மறுநாள் ராஜபாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஸ்பானரை நீட்டினான்.

"நட்டக் கழத்தாதண்ணே."

"ஏன்?"

"இது ஒன் ஊருக் குளிருக்கு உள்ளது. என் வண்டி ஓடுறது இந்த வெயில்ல. நீ எனக்குன்னு வாங்கியாந்தது எனக்குச் சாமி மாதிரி. ஆனா இந்த வண்டிக்கு என்ன சேரும்னு எனக்குத்தாண்ணே தெரியும்."

அவன் எழுந்து நின்றான். அவனுக்கு ஒரு பதில் எழுதினேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன், அதில் அவன் ரொம்ப நல்லவனாகிவிட்டான், அதையும் அடித்தேன். அதற்குள் அருப்புக்கோட்டை போகிற ஆட்கள் வந்து ஏறிவிட்டார்கள். மாரிக்கனி வண்டியைக் கிளப்பிவிட்டு அண்ணனைப் பார்க்கிறாள்.

இனி உங்கள் பாடு. அவனைக் கோபத்தோடு பஸ் ஏற வைக்கலாம். வண்டியில் ஏற்றலாம், பின்னால் இடம் இருக்கிறது. இடமில்லாவிட்டால் யார் மடியிலாவது உட்கார வையுங்கள். ஓட்டுகிற சீட்டில் மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.