பொதுதானே

பொத்தானை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். லிப்ட் ஏழாம் மாடிக்கு வரவே இல்லை. எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிற லிப்ட்டுகளில் உருப்படியாக ஓடுவது அது ஒன்றுதான். நாற்காலியில் மாமனார் அய்யாவு. டயாலிசிஸுக்கு நேரமாகிவிட்டது. போன தடவை தாமதமாகப் போனதால் பாதியில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள், ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கினார். இன்றைக்கும் அப்படி ஆனால் தாங்க மாட்டார்.

என் கணவர் விமலனோ பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்துக்குத் தேய்த்த சட்டையோடு நின்றார். பழைய கிரேக்க ஞானிகள் கண்ட பொது நன்மையைப் பற்றிப் பேசப் போகிறாராம். ஒரு வாரமாக வீட்டில் இதே பாட்டு. "ஒரே சுவத்துக்குள்ள இருந்தா மட்டும் ஊராயிடாது ரமணி. எல்லாரும் நல்லா வாழணும்னு சேர்ந்தாத்தான் ஊரு." சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"ஏங்க, ஊர அப்புறம் சேக்கலாம். மொதல்ல அப்பாவத் தூக்குங்க!"

நாற்காலியோடு அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் படியில் இறங்கினோம். நாலாம் மாடியில் லிப்ட் வாயைப் பிளந்து நின்றது. வீடு மாறுகிற புனிதா, கதவு மூடாமலிருக்க அலமாரியைக் குறுக்கே தள்ளியிருந்தாள். அது இடுக்கில் வசமாகச் சிக்கி, அசைய மறுத்தது.

"கொஞ்ச நேரம்லா அண்ணே. லிப்ட் பொதுதானே, ஒங்களுக்கு மட்டுமா?" என்றாள்.

விமலன் நாற்காலியை இறக்கி வைத்தார். தொண்டையைச் செருமினார். ஐயோ, அந்தச் செருமல் எனக்குத் தெரியும்.

"பொதுன்னா என்னா தெரியுமாம்மா? அந்தக் காலத்து கிரேக்கத்துல..."

புனிதா தலையணையும் கையுமாகக் கேட்டாள். தலைகூட ஆட்டினாள். மாமாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது.

"டேய், காலப் புடிடா" என்றார்.

விமலன் திகைத்துப் புனிதாவைப் பார்த்தார். "யார் காலப்பா?"

"நாக்காலி காலடா, மடையா!"

விமலன் குனிந்தார். புனிதாவும் தலையணையைப் போட்டுவிட்டு வந்து ஒரு காலைப் பிடித்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பின்னால் லிப்ட் கதவு அலமாரியில் முட்டி முட்டித் திறந்தது. படி திரும்பும் இடத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய, "பாத்து, பாத்து!" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம்.