லவேனியாவின் குரல் இருந்த கணினி

பென் டிரைவில் இருந்ததை அழித்த பிறகுதான் வசிதிக்கு உறைத்தது. லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுவதற்கு வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவ் அது. தேவாலயப் பெண்கள் குழு பாடிய பாட்டுகளின் ஒரே நகலும் அதில்தான் இருந்தது. இனி அந்தப் பாட்டுகள் கணினியின் வட்டில் மட்டுமே. அந்த வட்டைத்தான் அவள் இரண்டாகப் பிரிக்கப் போகிறாள்.

வசிதிக்கு லவுடோகா நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம், எதிரொலி வராதபடி படுக்கையறைச் சுவர்களில் பாய்களைத் தொங்கவிட்டு, பழைய கணினியில் பாட்டுப் பதிவு செய்வாள். விண்டோஸில் ஒரு தொல்லை இருந்தது. பாடுகிறவரின் குரல் ஹெட்போன் வழியாக அவர் காதுக்கே கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். தன் குரலே பின்னால் துரத்திக்கொண்டு வந்தால் யாருக்குத் தாளம் நிற்கும்? குழுத் தலைவி உனைசி கடைசிப் பாட்டை எத்தனையோ முறை பாடிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். லினக்ஸில் அந்தத் தாமதம் போய்விடும் என்று வசிதி படித்திருந்தாள். கணவன் சமிசோனிக்கு விண்டோஸ் வேண்டும். அதனால் இரண்டும் இருக்கட்டும், கணினி எழும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை பாட்டுகள் தலைநகர் சுவாவுக்கு, வானொலிக்குப் போக வேண்டும். இன்று சனிக்கிழமை; மதியம் அந்தக் கடைசிப் பாட்டைப் பாட வருவதாக உனைசி அக்கா சொல்லியிருந்தார்.

சமிசோனி ஜன்னல் வழியாக மலைப்பக்கம் பார்த்தான். "மழை கறுத்துக்கிட்டு வருது வசி. இன்னிக்குப் போய் இதைத் தொடணுமா?"

"இன்னிக்கு விட்டா எப்ப? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, காலைல சர்ச் இருக்கு."

"என் ரக்பி வீடியோ போயிடாதே?"

"அதான் உன் போன்லயும் இருக்கே."

"போன்ல இருக்கறது போன்ல பாக்க. கம்ப்யூட்டர்ல இருக்கறது கம்ப்யூட்டர்ல பாக்க."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். வட்டில் விண்டோஸுக்கு இருந்த பங்கைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி, மவுஸை அழுத்தினாள். நடுவில் நிறுத்தக் கூடாது என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்து போனது. நீலப் பட்டை மெதுவாக வளர ஆரம்பித்தது. வசிதி விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் சமிசோனி ஏதோ சொன்னதுகூடக் கேட்கவில்லை.

பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. மின்சாரம் போனது.

மின்விசிறி சுற்றி ஓயும் வரை இருவரும் அசையவில்லை. வசிதியின் கை மவுஸ் மேலேயே இருந்தது.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்த சமிசோனி அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அவள் நினைப்பெல்லாம் லவேனியாவிடம் இருந்தது. எல்லாப் பாட்டிலும் முதன்மைக் குரல் அவளுடையது. ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போய்விட்டாள், வர மாதக்கணக்கில் ஆகும். புறப்படும் முன் ஒரு வாரம் வேலை முடிந்து நேராக இங்கே வந்து, பாய்களுக்கு நடுவே நின்று பாடிக் கொடுத்துவிட்டுப் போனாள். "ஜாக்கிரதையா வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

மின்சாரம் வந்ததும் வசிதி கணினியின் பொத்தானைத் தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி வந்தது. இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி தட்டினாள். அதே வரி. பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பினாள். அது எழுந்தது. ஆனால் வட்டைத் திறக்கச் சொன்னபோது, பாதுகாப்பான நிலையில் இல்லை, திறக்க முடியாது என்றது.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. உனைசி அக்கா வந்துவிட்டார். கையில் துணியால் மூடிய பாத்திரம், தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் மரவள்ளிக் கிழங்கும்.

"என்னடி, வீட்ல யாராச்சும் செத்துட்டாங்களா? ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க."

மெஷின் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்று வசிதிக்குத் தோன்றியது. சமிசோனி தரையைப் பார்த்தான், அவள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்குத் தயாராக.

"அக்கா, பாட்டெல்லாம் போயிருக்கும்போல இருக்கு."

"எந்தப் பாட்டு?"

"எல்லாமும். வட்டைப் பிரிக்கும்போது கரண்ட் போயிடுச்சு."

"காப்பி வெச்சிருக்கேன்னியே?"

"இருந்துச்சு. இன்னிக்குக் காலைலதான் அழிச்சேன்."

உனைசி பாத்திரத்தை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திட்டு வரும் என்று வசிதி காத்திருந்தாள்.

"மூணாவது பாட்டும் போச்சா?"

"அதுவும்தான்."

"அது போனா போகட்டும். அதுல நான் சுருதி இறங்கிப் பாடியிருக்கேன். லவேனியா ஊருக்குப் போற அவசரத்துல சொல்ல வெக்கமா இருந்துச்சு. திங்கக்கிழமையை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்தப் பொண்ணு குரல் போகக் கூடாது. தேடு. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

வசிதி போனில் தேடிப் படித்தாள். பாதியில் நின்றுபோன வட்டைச் சரிபார்க்க ஒரு கட்டளை இருந்தது. அதையே அவசரப்பட்டு அடித்தால் இருப்பதும் போகலாம் என்று கீழே யாரோ எழுதியிருந்தார். முழுக்கப் படித்தாள், மறுபடி படித்தாள். உனைசியின் மூச்சு பின்கழுத்தில் பட்டது. கட்டளையை அடித்தாள். திரையில் வரிகள் ஓடி நின்றன. பிறகு, வட்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் திறக்கும்படி கணினியைக் கேட்டாள்.

திறந்தது. பாட்டுகளின் கோப்புறை அங்கே இருந்தது.

"தொடாதே" என்றான் சமிசோனி. "மொதல்ல எங்கயாச்சும் எடுத்து வை."

"எங்க? பென் டிரைவ்லதான் லினக்ஸே ஓடுது. உன் போனைக் குடு."

"போன் நிறைஞ்சு கெடக்கு."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் மூலையில் போய் உட்கார்ந்து ரக்பி வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியில் ஒன்றில் விரல் நின்றது.

"அதையும்தான்" என்றார் உனைசி.

"அக்கா, இதுல என் தம்பி ஆடறான்."

"அவன் அடுத்த வாரமும் ஆடுவான். அழி."

போனில் எல்லாப் பாட்டும் ஏறி முடியும் வரை வசிதி எழுந்திருக்கவில்லை. முதல் பாட்டை ஓடவிட்டாள். லவேனியா மூச்சிழுக்கும் சத்தம், பிறகு அவள் குரல். வசிதி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். உனைசி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடியே, "மூணாவதைப் போடு" என்றார். கேட்டார். முகம் சுளித்தார். "என்னோடதை மட்டும் தூக்கிடு. கடைசிப் பாட்டோட சேத்து இன்னிக்கே திரும்பப் பாடறேன்."

வசிதி நிறுவுகிற வேலையை மீண்டும் ஆரம்பித்தாள். இந்த முறை மழை விட்டிருந்தது, பாட்டுகள் போனில் பத்திரமாக இருந்தன. ஆனாலும் பட்டை முடியும் வரை அவளால் கிழங்கில் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. முடிந்ததும் கணினி தானே எழுந்து, எது வேண்டும் என்று கேட்டது. விண்டோஸைத் தேர்ந்தாள். அது நெடுநேரம் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு கடைசியில் வந்தது. சமிசோனி பெருமூச்சு விட்டான். பிறகு லினக்ஸ். பாட்டுகளைப் போனிலிருந்து இறக்கினாள்.

உனைசி பாய்களுக்கு நடுவே நின்று ஹெட்போனை மாட்டினார். ஒரு வரி பாடியதுமே நிறுத்திவிட்டார்.

"என்னக்கா, இன்னும் தாமதமா?"

"இல்லடி. நான் பாடறது அப்படியே கேக்குது. லவேனியா பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடு. குடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்."