காற்று ஏறும்வரை

டாஷ்போர்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்த எலக்ட்ரீஷியன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே இது, வயரைப் பல்லால கடிச்சு வச்சிருக்கீங்க? எலிகூட இவ்வளவு சுத்தமா கடிக்காதே!"

"கத்திக்கிட்டே கெடந்துச்சுப்பா. தலைவலி."

"கத்தத்தானே வச்சிருக்கான்? தாலாட்டுப் பாடவா?"

டிரைவருக்கு லைன் பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம் அது. பிரேக்குக்கான காற்று குறைந்தால் அலாரம் அலறும், பயணிகள் திட்டுவார்கள், முதலாளி வண்டியை நிறுத்த விடமாட்டான். வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். வேலையை விட்டபின் பழைய பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து வீடாக்கியபோதும் முதல் வேலையாக அந்த வயரைத்தான் கடித்தார்.

பயணிகள் இருக்கைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். தனக்குப் பின்னால், ஜன்னலோரம். மனைவி அதில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. காற்று எங்கோ கசிந்துபோயிருந்தது. வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கட்டுப்போட்ட கையோடு கேட்டாள், "அது ஏன் கத்தல?"

உண்மையைச் சொன்னார்.

"கத்துறதையெல்லாம் புடுங்கிப்போடுற ஆளு நீங்க. நானும் கத்துறவ. எனக்கு அந்த வண்டி சரிப்படாது."

தன் அக்கா வீட்டுக்கே போய்விட்டாள். போனில் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்பாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள். தனியாக ஓட்டும்போது பிடரிப் பக்கம் என்னவோ குறைந்தது. சிலசமயம் தன்னையறியாமல் "ம்" கொட்டுவார். பின்னால் காலி இருக்கை கடகடக்கும்.

"காத்து, சூடு, ஆயில், மூணு மீட்டரும் புதுசு. கத்துற பஸ்ஸரும் புதுசு. வயரு இனிமே உங்க பல்லுக்கு எட்டாது" என்று எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்தான்.

டிரைவர் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். காற்றுத் தொட்டி காலியாக இருந்ததால் அலாரம் வீறிட்டது.

"என்னங்க அது? யாரு கழுத்தை நெரிக்கிறீங்க?"

"காத்து அலாரம். கேளு."

மீட்டர் முள் மெல்ல ஏறியது. சத்தம் சட்டென்று நின்றது.

"புடுங்கிட்டீங்களா?"

"ஐயோ, தொடவே இல்லடி! காத்து ஏறினா தானா நிக்கும்."

"ஆமா, நான் பாத்தேனாக்கும்."

அவர் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். மிதிக்கு மிதி காற்று புஸ்ஸென்று வெளியேற, முள் இறங்கியது. அலாரம் மறுபடி அலறியது.

"போதும்ணே, காது போச்சு!" என்று எலக்ட்ரீஷியன் வெளியே குதித்தான்.

போனில் அவள் என்னவோ சொன்னாள். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. சாவியைத் திருப்பினால் சத்தம் நின்றுவிடும். திருப்பவில்லை.

"சத்தமாச் சொல்லு!"

"படி ஒசரம்னேன்! இந்தத் தோளை வச்சுக்கிட்டு எப்படிக் கம்பியைப் பிடிச்சு ஏறுறது?"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். முதல் படி முழங்காலுக்கு மேலே இருந்தது.

"கீழ இன்னொரு படி வச்சிடறேன்டி!"

"என்னது? கேக்கல!"

அலாரத்துக்கு மேலே குரலை உயர்த்தி மறுபடி சொன்னார்.