தரையில் நிற்காத வால்தெசிர்

வால்தெசிர் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், கார்னர் கிக்குக்காகக் காத்து நின்றபோது. ஒரு சாண் உயரம் இருக்கும். அவன் குதிக்கவில்லை, யாரும் தூக்கவும் இல்லை. நின்றபடியே நின்றான், பூட்ஸுக்கும் புல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பந்து வந்தது, அவனுக்குக் கீழே உருண்டு மறுபக்கம் போனது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டக்காரன் தரையில்தான் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லாததால் ஆட்டம் தொடர்ந்தது. ராஸ் மல்லாஹ் ஊர் அந்த வாரம் முழுக்க மத்தி மீன் விலை ஏறியதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

எங்களுடையது துனிசியக் கடற்கரையில் ஓர் உப்பளத்து ஊர். எங்கள் கால்பந்துக் கழகத்தின் பெயரும் மல்லாஹா, அதாவது உப்பளம்தான். மற்ற ஊர்களில் மைதானத்துக் கோடுகளைச் சுண்ணாம்பால் போடுவார்கள், நாங்கள் உப்பால் போடுவோம். அதனால் கோடு போன தடத்தில் புல் முளைக்காது. வெளியூர்க்காரன் பார்த்துச் சிரிப்பான், சிரித்துவிட்டுத் தோற்றுப் போவான். ஆட்டக்காரர்களும் எங்கள் சந்துகளில் விளைந்தவர்களே. யார் மகன், யார் மைத்துனன், யாருக்கு வலது முட்டியில் வலி என்பதெல்லாம் ரொட்டிக்கடை வரிசையிலேயே தெரிந்துவிடும். அப்படியே இருந்திருக்கலாம். ஒரு வருடம் முதல் டிவிஷனில் நான்காவதாக வந்து தொலைத்தோம், அன்றைக்குப் பிடித்தது சனியன்.

கழகத் தலைவர் முராத் டைல்ஸ் வியாபாரி. நான்காம் இடத்துக்கு வந்த கழகத்துக்கு ஒரு நட்சத்திரம் இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று அவருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, ரேடியோக்காரன் ரஊஃப்தான். சாயங்கால விளையாட்டு நிகழ்ச்சியில் அந்தக் கோடை முழுக்க அவன் தினம் ஒரு பெயரை அவிழ்த்துவிட்டான். இன்னாரை விமான நிலையத்தில் பார்த்தார்களாம், இன்னாரின் மனைவி கடற்கரையில் வீடு பார்க்கிறாளாம். பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன, பத்திரிகையில் வந்துவிட்டதே என்று ரஊஃப் மறுபடி அதை வாசித்தான். கடைசியில் பிரேசிலிலிருந்து வால்தெசிர் வந்தே விட்டான். விலை எங்கள் உப்பளம் மொத்தத்தையும் வாங்கும் விலை. அதைக் கட்டுவதற்காக, எங்கள் சந்தில் விளைந்த அனீஸை பிரான்சுக்கு விற்றார்கள். வடக்கே, மழை விடாத ஓர் ஊரின் இரண்டாம் டிவிஷன் அணிக்கு.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறானுங்க," என்றார் மீன்பெட்டி ஏற்றும் ஸாலிம், துறைமுகத்துக் காபிக்கடையில். "அந்தக் காசுக்கு நல்லதா ரெண்டு டிஃபென்டர் எடுத்திருக்கலாம். பின்கதவு இல்லாத வீட்டுக்கு வாசல்ல சீரியல் லைட்டு போடுறானுங்க."

"பொறாமைல பேசாதீங்கண்ணே," என்றான் பக்கத்து மேசையில் இருந்த இளைஞன். "பெரிய கிளப்புன்னா பெரிய விலை குடுத்துத்தான் ஆகணும். ரேடியோவுல கேக்கலியா?"

"ரேடியோவக் கேட்டுத்தானடா நீ முடியும் வெட்டிக்கிற. அதான் தலை அந்த லட்சணத்துல இருக்கு."

இப்படித்தான் பேசிக்கொண்டோம். ஆனால் அவன் வந்து இறங்கிய அன்று, இதே ஸாலிம்தான் விமான நிலையத்தில் முதல் ஆளாக நின்று தொண்டை கிழியக் கத்தினார். எங்களை நம்பாதீர்கள்.

அனீஸ், அந்தக் காபிக்கடைக்கு எதிரே படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஷாத்லியின் ஒரே மகன். இடது விங்கில் ஆடுவான். கோட்டு உப்பு பூட்ஸில் ஒட்ட ஒட்ட, கோட்டைத் தாண்டாமல் பந்தைக் கொண்டு போவான். அவனை அனுப்பச் சம்மதமில்லை என்று ஷாத்லி உட்கார்ந்துவிட்டபோது, தலைவர் தானே பட்டறைக்கு வந்தார். எண்ணெய்த் தரையில் வெள்ளை செருப்போடு நின்றார். "ஷாத்லி அண்ணே, இந்த வருஷம் முதல் டிவிஷன்ல நின்னுட்டோம்னா, அடுத்த கோடையில பையனத் திருப்பிக் கொண்டாந்துடறேன். என் கழுத்து மேல சத்தியம்." முதல் டிவிஷனில் இருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், கீழே இறங்கிவிட்டால் உரிமை போய்விடும் என்று ஒப்பந்தத்திலும் இருந்தது. ஷாத்லி நம்பினார். கழகத்தை நம்பாதவன் இந்த ஊரில் வேறு எதைத்தான் நம்புவது?

வால்தெசிர் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ரொட்டியும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் மத்தியும் எங்களைப் போலவே கையால் தின்பான், சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் நின்று பேசுவான். ஆடவும் தெரிந்தவன். அவன் எழும்புவதற்குக் காரணம் என்னவென்று முதலில் கண்டுபிடித்தது ஷாத்லியின் மனைவி ஜாஸியா. மீன் அரிந்துகொண்டே ரேடியோ கேட்டவள், "அந்த ரஊஃப் வாயத் தொறந்தா இவன் மேல போறான், பாத்தியா மனுசா?" என்றாள். உண்மைதான். மத்தியதரைக் கடலின் சிறுத்தை என்று ரஊஃப் சொன்ன வாரம் ஒரு சாண். ஐரோப்பா அவனுக்காக அழுகிறது என்று ஒரு பத்திரிகை எழுதிய வாரம் ஒரு முழம். நாங்களும் சும்மா இருந்தோமா? நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் போட்டுப் புகழ்ந்தோம். டிசம்பரில் அவன் ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டு, கீழே போகும் பந்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோல்கூட இல்லை. எல்லோருக்கும் மேலே நிற்பவன் என்று பத்திரிகைகள் படம் போட்டன, அதில் இன்னும் கொஞ்சம் ஏறினான். கழகம் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. ஷாத்லி தூண்டில் ஈயக்குண்டுகளை அவன் காலுறைக்குள் தைத்துப் பார்த்தார். நடுவர் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

அங்கே பிரான்சில் அனீஸுக்கு நேர்மாறாக நடந்தது. அந்த ஊரில் அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பத்திரிகை எழுதவில்லை, பயிற்சியாளர் "நீ" என்று கைகாட்டிக் கூப்பிட்டார், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவனுக்குக்கூட அவன் பெயர் தெரியாது. இங்கே நாங்களும், வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, வால்தெசிர் மோகத்தில் அவனை மறந்திருந்தோம். தரை ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று முதலில் போனில் சொன்னான். பிறகு பூட்ஸ் புதைகிறது என்றான். பிப்ரவரியில், "உம்மா, கெண்டைக்கால் வரைக்கும் போயிடுச்சு, பயப்படாதீங்க, வலியில்ல, குளிருதுதான்," என்றான். ஜாஸியா அன்றைக்கு உலை வைக்கவில்லை. ஷாத்லி பட்டறையில் ஒரே போல்ட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இடுப்புக்கு வந்துவிட்டால் பிள்ளையை எப்படி வெளியே எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எஞ்சின் என்றால் கப்பி போட்டு இழுக்கலாம்.

அந்த வாரம் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் வால்தெசிர், படகு நுழையும் உயரமான வாசலிலும் தலை இடிக்காமல் குனிந்தபடி, காற்றில் நின்றிருந்தான். கற்றுக்கொண்ட அரைகுறை அரபியில், "சாச்சா, என்னைத் திட்டுங்க," என்றான். "எல்லாரையும் திட்டச் சொல்லுங்க. எனக்குப் பந்து வேணும்." அப்புறம் அழுதான். கண்ணீர் ஷாத்லியின் வழுக்கையில் சொட்டியது.

எங்கள் கேலரிக்கு ஒரு சட்டம் உண்டு. மல்லாஹா சட்டையைப் போட்டவனை நாங்கள் திட்ட மாட்டோம். மோசமானவனானாலும் நம்மவன் என்று மைதானத்துச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம். அந்தச் சட்டத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லி ஷாத்லி காபிக்கடையில் மேசை மேசையாகக் கெஞ்சினார். "மைதானத்துல வேணாம். ரேடியோவுல திட்டுங்க. என் பிள்ளைக்காகன்னு நெனச்சுக்குங்க." ஸாலிம்தான் முதலில் போன் போட்டார். மரக்கட்டை என்றார், உப்புமூட்டைக்குச் சட்டை மாட்டினாலும் இதைவிட நன்றாக ஆடும் என்றார், வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஊரே திட்டியது. ஜாஸியாகூட ஒரு நாள் பேசினாள். ரஊஃப் காற்று திரும்புவதைப் பார்த்தான், தானும் சேர்ந்து திட்டினான். அவனுக்கென்ன, இரண்டு பக்கமும் அடிக்கிற மத்தளம்தானே அவன் வாய். மார்ச்சில் வால்தெசிரின் பூட்ஸ் நுனி புல்லைத் தொட்டது. ஏப்ரலில் இரண்டு பாதமும் ஊன்றி நின்றான். சும்மா சொல்லக்கூடாது, அப்புறம் அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை நாங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் புகழ வேண்டியிருந்தது. கோல் மேல் கோல். கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது, ஜெயித்தால் முதல் டிவிஷன், இல்லையென்றால் கீழே.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் ஜர்ஃபாவோடு. அன்று காலையில் ஜர்ஃபாக்காரன் ஒருவன் ரஊஃபுக்குப் போன் போட்டு, ராஸ் மல்லாஹ் வாங்கியது ஆட்டக்காரனை அல்ல, பலூனை என்றான். நல்லதுதானே? திட்டத் திட்ட அவன் கால் இன்னும் ஊன்றும். நாங்கள் வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருந்தால் போதும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நாங்கள் திட்டுவது வேறு, ஜர்ஃபாக்காரன் திட்டுவது வேறு. எங்கள் பிள்ளையை எங்கள் வீட்டில் அடிப்போம், அடுத்த வீட்டுக்காரன் கைவைப்பானா? ஒருவன் போன் போட்டு வால்தெசிருக்காகப் பேசினான். அடுத்தவன் பேசினான். ஸாலிம் பேசினார், அழுதுகொண்டே பேசினார்.

ஷாத்லி பேசவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, ஓடி ஓடிக் காபிக்கடையில் ஒவ்வொருத்தன் கையிலிருந்தும் போனைப் பிடுங்கினார். "டேய், இன்னைக்கு ஒரு நாள்டா, பொறுத்துக்குங்கடா." அந்த நேரத்தில் பட்டறைக்கு எஞ்சின் எடுக்க வந்து, அவரைத் தேடிக் காபிக்கடைக்குள் நுழைந்த ஒரு ஜர்ஃபா மீனவன், பல் குத்திக்கொண்டே சொன்னான்: "இந்த பலூனுக்கா அண்ணே பெத்த பிள்ளைய வித்தீங்க?"

அவ்வளவுதான். வால்தெசிர் ஒன்றுமில்லாதவன் என்றால் அனீஸ் போனது ஒன்றுமில்லாததற்கு என்று ஆகிவிடும். அந்த ஒன்றை மட்டும் ஷாத்லியால் தாங்க முடியவில்லை. பிடுங்கி வைத்திருந்த போன்களில் ஒன்று கையிலேயே இருந்தது. ரஊஃப் எடுத்தான். ஷாத்லி வாழ்நாளில் பேசாத பேச்சு பேசினார். இந்தப் புல்லில் கால் வைத்தவர்களிலேயே இவனைப் போல ஒருவன் இல்லை என்றார், இவனுக்காக எதைக் கொடுத்தாலும் தகும் என்றார், என் மகனையே கொடுத்தேன், தகும் என்றார். ஊர் முழுக்கக் கேட்டது, கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

ஆட்டம் தொடங்கியபோது வால்தெசிர் கோல் கம்பத்துக்கு மேலே இருந்தான். இடைவேளையில் விளக்குக் கம்பத்துக்கு மேலே. ஜர்ஃபா ஒரு கோல் போட்டது, நாங்கள் ஒன்று போட்டோம். முடிய இருக்கும்போது இடது பக்கத்திலிருந்து, கோட்டை ஒட்டியே ஒரு பந்து வந்தது. அனீஸ் போடுவதைப் போலவே வளைந்து, கோல் வாசலில், வால்தெசிர் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தது. அங்கே அவனுடைய நிழல் மட்டும் இருந்தது. மேலே பார்த்தோம். அவ்வளவு உயரத்திலும் அவன் சரியான நேரத்துக்குக் காலை வீசினான். கீழே இருந்திருந்தால் கோல். பந்து நிழலின் மேல் உருண்டு வெளியே போனது. ஷாத்லி கேலரியில் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுபோக நாலு பேர் வேண்டியிருந்தது.

நாங்கள் கீழே இறங்கினோம். முராத் தலைவர் பதவியை விட்டு டைல்ஸுக்கே திரும்பிவிட்டார். கழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. வால்தெசிர் இறங்கவில்லை. ஒப்பந்தம் இன்னும் இருப்பதால் இரண்டாம் டிவிஷனிலும் அவனைப் பதினொன்றில் ஒருவனாகத்தான் கணக்கெடுக்கிறார்கள். மைதானக் காவலாளி கயிற்றில் கூடை கட்டி ரொட்டியும் மத்தியும் அனுப்புகிறார். காற்று அடிக்கிற நாளில் கயிற்றின் நுனியை அவன் இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்கிறோம். யாராவது திட்டினால் இறங்குவானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். திட்டிப் பார்த்தோம். இப்போது எங்கள் குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஷாத்லி தினமும் சாயங்காலம் ரஊஃபின் நிகழ்ச்சிக்குப் போன் போடுகிறார். புகழ்வதில்லை, திட்டுவதில்லை. "என் மகன் பேரு அனீஸ்," என்கிறார். முதலில் ரஊஃப் இணைப்பை வெட்டினான். அவர் திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு ஸாலிம் போன் போட்டு, "அவரு மகன் பேரு அனீஸ், லெஃப்ட் விங்," என்றார். பிறகு முடிவெட்டுகிறவன், ரொட்டிக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வேறு எதற்காகப் போன் போட்டாலும் முதலில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பது என்று எங்கள் ஊரில் ஆகிவிட்டது. இங்கிருந்து அந்த மழைக்கார ஊருக்கு எவ்வளவு எட்டும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் தொடை வரைக்கும் புதைந்திருந்த அனீஸ் ஜூலை முழுக்க அப்படியே இருந்தான். ஆகஸ்டில் ஒரு நாள் போன் வந்தது, ஜாஸியா எடுத்தாள்.

"உம்மா, இன்னைக்கு முட்டி தெரியுது."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "கீழ சாக்ஸ் போட்டிருக்கியாடா?" என்று கேட்டாள்.