இரண்டு நட்சத்திர மாப்பிள்ளை

என் மனைவி சைதுன்னிசாவுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு டிவிடி பிளேயர் என்று சொன்னால் திருப்பூர் காதர்பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். என் மகள் அனம் அதே மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் அதே டிவிடி பிளேயர்தான். நடுவில் மாட்டிக்கொண்டவன் முஸ்தபா என்கிற நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சைதுன்னிசா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பீஸை டேபிளில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, தேறாததைத் தூக்கி ஓரமாகப் போடுவது அவள் வேலை. அப்படி ஓரமாகப் போட்டதை மொத்தமாக வாங்கி வந்து காதர்பேட்டையில் விற்பது என் வேலை. அவள் கழிப்பாள், நான் அதில் பிழைப்பேன். என் கடையை அவள் குப்பைக்கடை என்பாள். போட்டுக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறவரை எதுவும் குப்பை இல்லை என்பேன் நான். இந்தச் சண்டை அனம் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து நடக்கிறது.

செக்கிங் கம்பெனியோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வீட்டிலும் அதேதான். நான் துண்டைக் காயப்போட்டால் ஓரம் சமமாக இல்லை என்பாள். அனம் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்து நீட்டினால், கையெழுத்து சாய்கிறது என்பாள். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்று நான் அடிக்கடி சொல்லிப் பார்ப்பேன். அதையும் நான் தப்பான இடத்தில் சொல்கிறேன் என்பாள்.

அனம் இப்போது ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். பல்லடத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஜாவித். சாயப்பட்டறை லேபில் ஷேட் பார்க்கிற வேலை. துணியில் ஏறிய சாயம், சரக்கு வாங்குகிற பையர் கேட்ட நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டும். தரகர் வந்து உட்கார்ந்து பேசினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். டீ ஆறுவதற்குள் அவர் பாதிக்கு மேல் சொல்லி முடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அனம் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய் விசாரிப்பதில்லை, போனில் விசாரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து போனை என் முன்னால் நீட்டினாள். ஏதோ ஒரு ஆன்லைன் கடை. விலை குறைந்த ஒரு டிவிடி பிளேயர். அதன் கீழே, வாங்கியவர்கள் சொன்ன அபிப்பிராயம். அதில் ஒன்றின் பக்கத்தில் தரகர் காட்டிய அதே போட்டோவும், ஜாவித், பல்லடம் என்ற பெயரும் இருந்தன.

நான் முதலில் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். அடடா, என்ன ஒரு ஜனம். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை, சூப்பர் என்று எழுதியிருந்தார். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, கொண்டு வந்த பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு அம்மா, மாமனார் நாள் முழுக்க வாய் திறக்காமல் இதன் முன்னாலேயே இருக்கிறார், கம்பெனிக்கு நன்றி என்று எழுதியிருந்தார். இந்த விலைக்கு இது போதும் என்று பலர் எழுதியிருந்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஜாவித் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தான். வயர் நீளம் பற்றாது. டிஸ்க் வைக்கிற தட்டு வெளியே வரும்போது ஆடுகிறது. ரிமோட்டை நேருக்கு நேர் பிடித்தால்தான் வேலை செய்யும், கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தாலும் கேட்காது. கீறல் விழுந்த டிஸ்க்கைப் போட்டால் அப்படியே நின்றுவிடுகிறது. முன்னால் எரிகிற எண் ராத்திரியில் கண்ணைக் கூச வைக்கிறது. படம் தெளிவு, சத்தம் பரவாயில்லை. இவ்வளவுதான். ஒரு சூப்பரும் இல்லை, ஒரு திட்டும் இல்லை.

சைதுன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பெருநாள் பிறை பார்த்த அன்றுதான் பார்த்திருக்கிறேன். இத்தனை பேரில் ஒரே ஒரு ஆள்தான் சாமானைப் பார்த்து எழுதியிருக்கிறான், மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள் என்றாள். பாம்பின் கால் பாம்பறியும் என்று நான் முணுமுணுத்தது அவள் காதில் விழவில்லை.

அதற்கு மேல் அவள் செய்ததைத் திருப்பூரைத் தவிர வேறு ஊரில் எந்தப் பெண்ணின் தாயும் செய்திருக்க மாட்டாள். அதே டிவிடி பிளேயரை ஆர்டர் போட்டுவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். அவன் எழுதியது நிஜமா என்று பார்க்க வேண்டாமா என்றாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவளுக்குப் பழமொழி இல்லை, வேலை. ஒரு லாட் சரக்கில் சில பீஸை எடுத்துப் பார்த்து முழு லாட்டையும் கப்பலேற்றுகிறவள். இதில் அவன் பொய் சொல்லியிருந்தால் எதிலும் சொல்வான், இதில் நிஜம் சொல்லியிருந்தால் எல்லாவற்றிலும் சொல்வான் என்பது அவள் கணக்கு.

பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியின் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கடையில் கேட்டு ஒரு பை நிறையப் பழைய டிஸ்க் வாங்கி வந்தேன். வயர் பற்றவில்லை. தட்டு ஆடியது. ரிமோட்டோடு என்னை ஹாலின் ஒவ்வொரு மூலையிலும் நிற்க வைத்துப் பார்த்தாள். கீறல் டிஸ்க் நின்றது. ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி, எண் கூசுகிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். அனம் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சைதுன்னிசா எழுந்து, பையன் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகில்லை, தரகருக்குப் போன் போடுங்கள் என்றாள்.

அப்போதுதான் அனம் பேசினாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“எனக்கு வேண்டாமுங்கம்மா. ஒரு சாதாரண பொட்டியில இத்தனை குறை கண்டுபுடிக்கிறவங்க என்கிட்ட எத்தனை கண்டுபுடிப்பாங்க? நான் உங்க செக்கிங் டேபிள் மேலயே வளந்தவ. எதைப் போட்டாலும் எதைப் பேசினாலும், அம்மா இப்ப என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேதான் இருந்திருக்கேன். இங்க இருந்து எறங்கிப் போயி இன்னொரு டேபிள் மேல படுத்துக்கச் சொல்றீங்களா?”

சைதுன்னிசா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினாள். டிவிடி பிளேயரை அது வந்த பெட்டியிலேயே வைத்து மூடினாள். அதைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று, ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக நான் கேட்டேன். அது என்ன பாவம் பண்ணியது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் துண்டை எப்படியோ காயப்போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு அவள் முன்னாலேயே கடைக்குக் கிளம்பினேன், போய்ட்டு வாங்க என்றாள். இத்தனை வருஷமாக இதற்குத்தான் ஏங்கினேன் என்று நினைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கரண்ட் போனால் ஃபேன் சத்தம் திடீரென்று நிற்குமே, அது மாதிரி இருந்தது. அனமும் தவித்தாள். வேண்டுமென்றே கதவை ஓங்கிச் சாத்தினாள், டம்ளரைக் கழுவாமல் வைத்தாள். சைதுன்னிசா எடுத்துக் கழுவி வைத்தாள், அவ்வளவுதான்.

இதற்குள் தரகர் எங்களைக் கேட்காமலே அந்தப் பக்கம் நாள் சொல்லிவிட்டிருந்தார். அடுத்த ஞாயிறு மாலை அஸர் தொழுகை முடிந்து வருவதாகச் செய்தி வந்தது. வர வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்குத் தைரியம் வரவில்லை. அனமிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு கேள்வி கேட்பேன், பதில் பிடிக்காவிட்டால் அப்போதே எழுந்து உள்ளே போய்விடுவேன் என்றாள். அல்லாஹ் விட்ட வழி என்று சரி சொன்னேன்.

ஜாவித் தன் அம்மாவோடும் அக்காவோடும் வந்தான். ஒல்லியான பையன். விரல் நகத்தின் ஓரத்தில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. அவனுடைய தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கைகால் வராது, அதனால் கூட்டி வர முடியவில்லை என்று அந்த அம்மா சொன்னார். தரகர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தார். அவர்களே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சைதுன்னிசா டீ கொடுத்துவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அனம் நேராக ஜாவித்தைப் பார்த்து, நீங்கள் இரண்டு நட்சத்திரம் போட்ட அந்த டிவிடி பிளேயர் இப்போது எங்கே என்று கேட்டாள். அவன் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கழுத்து வரைக்கும் சிவந்துபோனான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்.

“ஊட்லதாங்க இருக்குது. அத்தாவுக்கு வாங்கினதுங்க. போன் பாக்க அவங்களுக்குக் கை வராது. பழைய பள்ளிவாசல் பயான் டிஸ்க்கு, கிரிக்கெட் டிஸ்க்கு நெறைய வெச்சிருக்காங்க, அதுக்கோசரம் வாங்கினேன்.”

திருப்பி அனுப்பவில்லையா என்று அனம் விடாமல் கேட்டாள்.

“டைம் இருந்துச்சுங்க. அனுப்பலீங்க. ரிமோட் நேரா புடிச்சாத்தான் வேலை செய்யும்னு தெரிஞ்ச பொறவு, அத்தா கட்டிலுக்கு நேரா வர்ற மாதிரி டிவியை எடம் மாத்தி வெச்சுட்டேன். அந்த வெளிச்சம் கூசாம இருக்க ஒரு டேப்பு ஒட்டுனேன். கொறை இருக்குதுன்னுதாங்க எழுதினேன். வேண்டாம்னு எழுதலீங்களே.”

அனம் எழுந்து உள்ளே போகவில்லை. அப்புறம் அவன் அக்கா ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல, பேச்சு வேறு பக்கம் போனது. கிளம்பும்போது அந்த அம்மா அனமின் கன்னத்தைத் தொட்டு, தன் விரல்களை முத்தி எடுத்துக்கொண்டார்.

அவர்கள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அனம் என்னிடம் வந்தாள்.

“சரின்னு சொல்லிருங்கத்தா. கொறையைப் பாத்துட்டு அதுக்குத் தக்கபடி இவங்க மாறியிருக்காங்க. எனக்கு அது போதும்.”

எனக்கு வந்த சந்தோஷத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சைதுன்னிசா பாயில் உட்கார்ந்து டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தாமலே பேசினாள்.

“யாரோ ஒருத்தர் அவங்க அத்தாவுக்காக டிவியை எடம் மாத்தி வெச்சது உனக்குப் புரிஞ்சுது. நல்லதுதான் கண்ணு. நான் உனக்காக எடம் மாறினது மட்டும் தெரியலை.”

அனம் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சைதுன்னிசா என்னைத் தடுத்தாள். எத்தனையோ தடவை அவள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அன்று கேட்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“உனக்கு ரெண்டு வயசுல மூச்சு எளைப்பு வந்துச்சு கண்ணு. உங்கம்மா அப்ப ஓவர்லாக் டைலரு. பீஸ் ரேட்டுல அவளை அடிச்சுக்க அந்தக் கம்பெனியில ஆளு இல்லை. அந்த மெஷின்ல பறக்குற பஞ்சு சேலையோட ஒட்டிட்டு ஊட்டுக்கு வருது, அதுதான் புள்ளைக்கு ஆகலைன்னு டாக்டர் சொன்னாரு. மறுநாளே தையலை உட்டுட்டு செக்கிங் டேபிளுக்குப் போயிட்டா. அங்க பஞ்சு பறக்காதுன்னு. சம்பளம் பாதிக்கும் கீழ. அந்த வேலை அவளுக்குப் புடிக்கவே இல்லை. ஆரம்பத்துல தெனமும் அழுதுட்டு வருவா.”

அனம் தன் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தத் தட்டைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

“ஏம்மா இத்தனை நாளும் சொல்லலை?”

“கொறைன்னா சொல்லோணும், சொன்னாத்தான் சரியாவும். இதைச் சொல்லி என்ன கண்ணு ஆவப் போவுது?”

அனம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சைதுன்னிசாவும் அழுதாள். அழுதுகொண்டே மகளின் தலைமுடியைக் கோதிவிட்டாள். தரகருக்குப் போன் போட வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் அன்று ஞாபகமே வரவில்லை.